ஒரே ராத்திரியில் 24 மணி நேர சிஇ? மிச்சம் 15 மணி நேரம் எங்கே?

கேட்டி முருகேசன்:
நேற்று நம் டெக்சாஸ் ஏஜென்ட்கள் வாட்ஸப் குழுவில் ஒரு தம்பி போட்டதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு உட்கார்ந்தேன். ஞாயிறு காலை 7 மணிக்கு 24 மணி நேர சிஇ முடிந்தது. இதற்குப் போய் ஏன் எல்லோரும் புலம்புகிறீர்கள்?" என்று எழுதியிருந்தார். அதற்குக் கைதட்டல் வேறு.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக: இங்கே இன்சூரன்ஸ் விற்க மாநில லைசென்ஸ் வேண்டும். டெக்சாஸில் அதை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அவரவர் பிறந்த மாதத்தின் கடைசி நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் 24 மணி நேரம் படித்திருக்க வேண்டும், அதில் 3 மணி நேரம் எதிக்ஸ். இதுதான் சிஇ, அதாவது தொடர் கல்வி. இப்போது முக்கால்வாசிப் பேர் ஆன்லைனில்தான் முடிக்கிறார்கள்.

நான் 22 வருஷமாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன். ஒரு புதுப்பித்தலுக்குக்கூட இப்படிச் செய்ததில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்று. ராத்திரி 10-லிருந்து காலை 7 வரை 9 மணி நேரம். மிச்சம் 15 மணி நேரம் எங்கே?

ஃபிரிஸ்கோ தினேஷ்:
பெயரைப் போட்டே எழுதியிருக்கலாமே அண்ணா, நான்தான் அது. குழுவில் கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். இங்கே வந்து நாலு பேர் முன்னால் பஞ்சாயத்து வைப்பதுதான் உங்களுக்குப் பிடிக்கிறது.

பரீட்சை எழுதினேன், பாஸ். சர்டிபிகேட் வந்தது. கிரெடிட் மாநிலக் கணக்கில் ஏறிவிட்டது. டிபார்ட்மென்டே ஒத்துக்கொண்டதை நீங்கள் ஏன் ஆடிட் பண்ணுகிறீர்கள்?

கேட்டி முருகேசன்:
கிரெடிட் ஏறியதை நான் மறுக்கவில்லை. மிச்சம் 15 மணி நேரம் எங்கே என்றுதான் கேட்டேன்.

நேப்பர்வில் ரகு:
நான் இல்லினாய்ஸ். ஆனால் கணக்கு எல்லா ஊருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் சொல்கிறேன். இதில் "மணி நேரம்" என்பது கடிகார மணி நேரம் இல்லை, கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 50 நிமிஷம். 24 கிரெடிட் என்றால் 1,200 நிமிஷம், அதாவது 20 மணி நேரம்.

அதிலும் படித்துவிட்டுப் பரீட்சை எழுதும் பாடம் என்றால் கணக்கு வேறு. என்ஏஐசி, அதாவது மாநில இன்சூரன்ஸ் கமிஷனர்களின் கூட்டமைப்பு, ஆன்லைன் பாடத்துக்கு ஒரு வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. பாடத்தில் இருக்கும் வார்த்தைகளை எண்ணி, 180-ஆல் வகுத்தால் நிமிஷம். அதை 50-ஆல் வகுத்தால் கிரெடிட். அடிப்படைப் பாடத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 9,000 வார்த்தை. இடைநிலைப் பாடமென்றால் 1.25-ஆலும் உயர்நிலைப் பாடமென்றால் 1.5-ஆலும் பெருக்குவார்கள்.

முதலில் எந்த "மணி நேரம்" என்று பேசி முடித்துவிட்டு அப்புறம் சண்டை போடலாமே.

கேட்டி முருகேசன்:
ரகு சார், 50 நிமிஷக் கணக்கை எனக்குச் சொல்லித் தர வேண்டாம். லைசென்ஸ் புதுப்பிக்கும் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது? 24 மணி நேரம். அவர் உட்கார்ந்தது 9. மிச்சம் 15.

ஃபிரிஸ்கோ தினேஷ்:
ரகு சார் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 24 கிரெடிட்டுக்கு 2,16,000 வார்த்தை. நான் நிமிஷத்துக்கு 400 வார்த்தை படிப்பேன். வகுத்துப் பாருங்கள், 540 நிமிஷம். சரியாக 9 மணி நேரம்.

கேட்டி முருகேசன்:
ஆகா. 10 மணியிலிருந்து 7 மணி வரை நிமிஷத்துக்கு 400 வார்த்தை. கண் இமைக்காமல், தண்ணீர் குடிக்காமல், பரீட்சைக் கேள்விகளுக்கு ஒரு நிமிஷம்கூடச் செலவழிக்காமல். தம்பி ஐயூஎல், அதாவது பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு, விற்கும்போது ஜாதகம் மாதிரி அட்டவணை போட்டுக் காட்டுவாரே, அதே அட்டவணைதான் இதுவும்.

ஃபிரிஸ்கோ தினேஷ்:
வந்துவிட்டது. ஐயூஎல் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் சங்கத்துப் பொங்கல் விழாவில் என் ஸ்டால் பக்கத்தில் உங்கள் ஸ்டால் காலியாக இருந்ததற்கு நான் என்ன செய்வது?

எடிசன் வாசுகி:
உங்கள் ஸ்டால் கதையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். சிஇ பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்.

ஆன்லைன் வருவதற்கு முன்னால் நான் நியூஜெர்சியில் சனிக்கிழமை வகுப்புக்குப் போயிருக்கிறேன். ஏர்போர்ட் பக்கத்து ஹோட்டலில் ஜன்னல் இல்லாத ஹால். குழந்தைக்கு அப்போது எட்டு மாசம். வீட்டுக்காரர் காரில் குழந்தையை வைத்துக்கொண்டு பார்க்கிங்கிலேயே உட்கார்ந்திருப்பார், இடைவேளையில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். உள்ளே கடைசி வரிசையில் ஒரு பெரியவர் வாயைத் திறந்து தூங்குவார். மாலையில் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு முழு கிரெடிட்டோடு போவார். அவருக்கு மணி நேரம் சரியாக இருந்தது. என்ன படித்தார்?

இப்போது பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கிறேன். புரியாத பக்கத்தை மூன்று தடவை படிக்கிறேன். உட்கார்ந்த நேரத்தை வைத்துப் படிப்பை அளக்காதீர்கள் அண்ணா.

கேட்டி முருகேசன்:
வாசுகி, உங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் மூன்று தடவை படிக்கிறீர்கள், நல்லது. இவர் ஒரு தடவையாவது படித்தாரா என்பதுதான் என் கவலை.

ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், 2017 ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை. மறுநாள் ராத்திரி ஹார்வி புயல் கரை ஏறியது. அன்று மதியம் பார்க்கர் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "சார், வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் உடனே போட முடியுமா?" என்றார். அரசாங்க ஃப்ளட் பாலிசிக்கு 30 நாள் காத்திருப்பு. நான் அதைச் சொன்னேன். "அப்படியா சார், எங்களுக்கு வீடு எழுதிக்கொடுத்த ஏஜென்ட் உங்கள் ஏரியாவுக்குத் தேவையில்லை என்றாரே" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, போனை வைத்துவிட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். நாலடி உயரத்துக்குச் சுவர் ஷீட்ராக்கை வெட்டித் தெருவோரம் குவித்திருந்தார்கள். அந்த அம்மா கல்யாணப் பட்டுப் புடவைகளை டிரைவ்வேயில் விரித்துப் போட்டு, சேறு காய்ந்த ஜரிகையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் எடுத்திருந்த வீட்டு பாலிசி வெள்ளத்துக்குப் பைசா தராது. கடன் கொடுத்த பேங்க் கேட்கவில்லை என்பதற்கும் தேவையில்லை என்பதற்கும் வித்தியாசம் தெரியாத ஏஜென்ட் ஒருவரால் வந்தது அது. அவரும் எங்கோ 24 மணி நேரத்தை ஒரே ராத்திரியில் முடித்தவராகத்தான் இருப்பார்.

ஃபிரிஸ்கோ தினேஷ்:
அந்த அம்மாவுக்கு நடந்தது கொடுமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த ஏஜென்ட் ஆன்லைனில் படித்தார் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஹோட்டல் ஹாலில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து டோனட் சாப்பிட்டவராகவும் இருக்கலாமே. தெரியாததை வைத்து என்னைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

கேரி மாலதி:
நார்த் கரோலினாவில் வீடு, கார் இன்சூரன்ஸ் எழுதும் ஏஜென்ட்களுக்கு வெள்ளம் பற்றி 3 மணி நேரம் தனியாகவே கேட்கிறார்கள். நானும் சலித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். 2021 அக்டோபரிலிருந்து ஃப்ளட் பிரீமியம் போடும் முறையே மாறிவிட்டது, ரிஸ்க் ரேட்டிங் 2.0 என்று. முன்பு மாதிரி வெள்ள அபாய மண்டலத்தை மட்டும் பார்த்து விலை சொல்ல முடியாது. தண்ணீர் எவ்வளவு தூரம், வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும், எல்லாம் சேர்கிறது. அந்த ஆன்லைன் பாடம் இல்லையென்றால் நான் இன்னும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருப்பேன்.

அப்புறம் தினேஷ், ஒரு சந்தேகம். டெக்சாஸில் பாதி கிரெடிட் வகுப்பறையிலோ, வகுப்பறைக்குச் சமமான பாடத்திலோ எடுக்க வேண்டும் என்பார்களே. 12 கிரெடிட் என்றால் 600 நிமிஷம், 10 மணி நேரம். உங்களுக்கு இருந்ததே 9 தானே?

கேட்டி முருகேசன்:
மாலதி ஆணியைப் பிடித்து அடித்துவிட்டார். பதில் சொல்லட்டும். வேகமாகப் படிக்கலாம், டைமரை வேகமாக ஓட்ட முடியுமா?

ஆஸ்டின் சேது:
நான் எடுத்த சமமான பாடத்தில் டைமர் ஓடும். நடு நடுவே கேள்வி வரும், பதில் போட்டால்தான் அடுத்த பக்கம். தாண்ட முடியாது.

இதற்கிடையில் ஒரு உதவி. இந்த மாசம் 30-ம் தேதியோடு என் லைசென்ஸ் முடிகிறது. 6 மணி நேரம் பாக்கி. முடிக்காவிட்டால் குறைகிற மணி நேரத்துக்கு 50 டாலர் வீதம் அபராதம் என்றால் 300 டாலர்தானே? அதைக் கட்டிவிட்டால் படிக்க வேண்டியதில்லையா?

ஃபிரிஸ்கோ தினேஷ்:
மாலதி அக்கா, மரியாதையாகக் கேட்டீர்கள், சொல்கிறேன். வகுப்பறைப் பாதியை டிசம்பரில் வெபினாரிலேயே முடித்துவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி செய்தது மீதி 12. அது படித்துப் பரீட்சை எழுதும் பாடம், டைமர் இல்லை.

கேட்டி முருகேசன்:
எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் 24 என்றார். அப்புறம் நிமிஷத்துக்கு 400 வார்த்தை என்றார். இப்போது 12 என்கிறார். அப்படியானால் வாட்ஸப்பில் "24 மணி நேர சிஇ முடிந்தது" என்று போட்டது பொய்தானே?

ஃபிரிஸ்கோ தினேஷ்:
"முடிந்தது" என்றுதான் போட்டேன். ஞாயிறு காலை 7 மணிக்கு முடிந்ததா இல்லையா? முடிந்தது. எல்லாவற்றையும் அன்றைக்கே செய்தேன் என்று எங்கே போட்டேன்?

கேட்டி முருகேசன்:
"10 மணிக்கு உட்கார்ந்தேன்" என்று போட்டாய். உட்கார்ந்தவன் எதற்கு உட்கார்ந்தான்?

நேப்பர்வில் ரகு:
ஐயா, கணக்கு இப்போது நேராகிவிட்டது. 12 கிரெடிட்டுக்கு 1,08,000 வார்த்தை. 9 மணி நேரத்தில் என்றால் நிமிஷத்துக்கு 200. சாதாரண வேகம். அவர் தவறாக எதுவும் செய்யவில்லை. ஊருக்கு ஊர் விதி வேறு என்பதையும் கவனியுங்கள். எங்கள் ஊரில் எதிக்ஸ் 3 மணி நேரத்தை நேர் வகுப்பிலோ வெபினாரிலோதான் எடுக்க முடியும். நியூயார்க்கில் மொத்தமே 15 கிரெடிட்தான்.

கேட்டி முருகேசன்:
நியூயார்க்கை ஏன் இழுக்கிறீர்கள்? நாங்கள் பேசுவது டெக்சாஸ். 200 வார்த்தை என்பதை முதலிலேயே சொல்லாமல் 400 என்று ஏன் சொன்னார்? சாதாரண வேகத்தில் படித்தவன் ஏன் வேகத்தைப் பெருமையடிக்க வேண்டும்? அதைப் பார்த்துப் புதிதாக வந்த பையன்கள் என்ன நினைப்பார்கள்? படிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டினால் போதும் என்றுதானே?

போன மாசம் என்னிடம் ஒருவர் ஆலங்கட்டி மழைக்குக் கூரை கிளெய்ம் என்று வந்தார். வீடு 4 லட்சம் டாலருக்கு எழுதியது, காற்று மற்றும் ஆலங்கட்டிக்கு 2 சதவீத டிடக்டிபிள். தன் கையிலிருந்து 8,000 டாலர் போட வேண்டும் என்பது அவருக்கு அன்றுதான் தெரியும். பாலிசி எழுதிக்கொடுத்தவர் "2 தான் சார்" என்றாராம். எதில் 2 என்று சொல்லவில்லை. கூரைக்காரர் டிடக்டிபிளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாராம். அது 2019 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் குற்றம். இதெல்லாம் சிஇ பாடத்தில் வருகிற விஷயம்.

எடிசன் வாசுகி:
நீங்கள் சொல்வது எல்லாம் உண்மை அண்ணா. ஆனால் அது தினேஷ் எழுதிய பாலிசியா?

கேட்டி முருகேசன்:
யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை. ஃபிரிஸ்கோ பக்கம் என்று மட்டும் சொல்கிறேன்.

ஃபிரிஸ்கோ தினேஷ்:
அண்ணா, இதற்கு மேல் போனால் நன்றாக இருக்காது. ஃபிரிஸ்கோவில் நான் ஒருத்தன்தான் ஏஜென்டா? இருந்தால் பாலிசியைக் காட்டுங்கள். அதே மாதிரி போன தடவை உங்கள் சிஇ-யை யார் உட்கார்ந்து முடித்தது என்று நானும் கேட்கலாம். உங்கள் ஆபீஸ் பையன் என்னிடம் வேலைக்கு வந்து மூன்று மாசம் ஆகிறது.

கேட்டி முருகேசன்:
"நானே படித்தேன், நானே எழுதினேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவனை எழுத வைப்பவன் நான் இல்லை. 22 வருஷம். ஒவ்வொரு பாடத்துக்கும் கையால் குறிப்பு எழுதிய நோட்டு என் மேஜையில் இருக்கிறது. வா, வந்து பார். அந்தப் பையனை நீ ஏன் இழுத்தாய் என்பதைத் தனியாகப் பேசலாம்.

கேரி மாலதி:
சேது கேட்டதற்கு யாராவது பதில் சொன்னீர்களா? சேது, அபராதம் கட்டினாலும் மணி நேரம் கழியாது, படித்தே ஆக வேண்டும். இன்றைக்கே 3 மணி நேர எதிக்ஸில் ஆரம்பியுங்கள். இதே இரண்டு வருஷத்துக்குள் எடுத்த பாடத்தைத் திரும்ப எடுக்காதீர்கள், இரண்டாவது தடவை கிரெடிட் தர மாட்டார்கள்.

ஆஸ்டின் சேது:
நன்றி அக்கா. இன்று ராத்திரியே உட்காருகிறேன்.

கேட்டி முருகேசன்:
சேது, உட்காரும்போது நேரத்தைக் குறித்து வையுங்கள், முடிக்கும்போதும் குறித்து வையுங்கள்.

தினேஷ், வாட்ஸப்பில் அந்தப் பதிவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. 24 என்பதை 12 என்று எப்போது திருத்தப் போகிறாய்?

ஃபிரிஸ்கோ தினேஷ்:
முடிந்தது 24. திருத்த மாட்டேன்.

கேட்டி முருகேசன்:
உட்கார்ந்தது 9.