வாய்ப் புற்றுநோய்த் தடுப்பு ஆய்வுக்கு வர விரும்புகிறேன், வழிகாட்டுங்கள்

வணக்கம். பல் மருத்துவம் படித்து ஐந்து ஆண்டுகளாகச் சிகிச்சை அளித்து வருகிறேன். இனி வாய்ப் புற்றுநோய்த் தடுப்பில் ஆய்வும் கற்பித்தலுமாக வாழ்க்கையை அமைத்துக்கொள்ள ஆசை.

இந்த எண்ணத்தை விதைத்தவர் ஒரு நோயாளி. கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண். பல் குத்துகிறது என்றே மாதக்கணக்கில் நினைத்திருந்தார். என்னிடம் வந்தபோது கழுத்தில் நெறி கட்டியிருந்தது. கண்ணால் பார்த்து, விரலால் தொட்டே சந்தேகிக்கக்கூடிய நோய் இது! அவர் முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைச் சோதித்துப் பார்த்தாலே, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே இறப்பு குறைகிறது என்று திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வு 2005-இல் காட்டியது. அப்படிப்பட்ட களப்பணிதான் என் விருப்பம். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது பலருக்கு இன்றும் தெரியாது. அதைப் புரியவைக்கும் முறைகளையும் ஆராய வேண்டும்.

என் குழப்பம் இதுதான்: முதலில் பொதுச் சுகாதாரத்தில் முதுகலையா, நேராக முனைவர் பட்டமா? புள்ளியியலில் நான் பலவீனம், அதனால் முதுகலைப் பக்கமே மனம் சாய்கிறது. ஆய்வு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது என்னென்ன கேட்க வேண்டும்? படிக்கும் காலத்தில் சிகிச்சைப் பணியை முழுவதும் விட்டவர்கள் பிறகு வருந்தினீர்களா? இந்த வழியில் நடந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதினால் மிகவும் நன்றியுடன் இருப்பேன்.