சுங்கை சிப்புட்டில் முருங்கை வளர்க்க வழி சொல்லுங்கள்

வணக்கம். மன்னார்குடியிலிருந்து கல்யாணமாகி மலேசியாவில் இந்த சுங்கை சிப்புட் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தாமான் (வீட்டு மனைக் குடியிருப்பு) வீடு, முன்னால் சிமெண்ட் போக மிஞ்சியது நாலடி மண். அதில் ஒரு முருங்கை நின்றுவிட்டால் இது என் வீடுதான் என்று நம்பிவிடுவேன். சிரிக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். காலையில் வேலிக்கு மேலே தலை நீட்டி "பசியாறியாச்சா?" என்பார். வந்த புதிதில் அது காலைச் சாப்பாட்டைக் கேட்பது என்றே எனக்குப் புரியவில்லை, இப்போது அம்மாவிடம் போனில் நானே அப்படித்தான் கேட்கிறேன். 1948இல் இந்த ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதற்குப் பிறகு வந்த அவசரகாலத்தையும் கதைகதையாகச் சொல்வார். முதல் முருங்கைப் போத்தை (நடுவதற்கு வெட்டிய கிளை) கொடுத்ததும் அவர்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் செய்வது போலவே மேல்நுனியில் சாணி அப்பித்தான் நட்டேன். துளிர்த்தது, நாலு இணுக்கு இலையும் விட்டது. அப்புறம் சாயங்காலம் தவறாமல் மழை. ஒருநாள் தொட்டால் ஆடியது, பிடுங்கினால் அடி கறுத்து, அழுகின வெங்காயம் மாதிரி கொழகொழவென்று கையோடு வந்தது. இரண்டாவதும் அப்படியே. மண் களி, தண்ணீர் இறங்குவதே இல்லை.

மணல் கொட்டி மேடாக்கி நடலாமா, பெரிய தொட்டி போதுமா? போத்தா, விதையா? எந்த மாதம் நடலாம்? ஈப்போ பக்கம் நல்ல நாற்று கிடைத்தாலும் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறோம்.