மங்கி ஐலண்ட் 2 கணினி விளையாட்டு: ஃபாட் தீவு அருவியில் மாட்டிக்கிட்டேன்

கேள்வி: அருவி மேல இருக்கிற பம்பை எதை வெச்சும் திருப்ப முடியல. ஸ்பானர் எங்கே கிடைக்கும்?

பதில் 1: ஸ்பானரே கிடையாது, குரங்குதான் ஸ்பானர்! ஸ்காப் தீவு பாருக்குப் போங்க. பியானோ மேல இருக்கிற மெட்ரனோம்ல (தாளத்துக்கு ஆடுற கருவி) வாழைப்பழத்தை வைங்க. பியானோ வாசிக்கிற குரங்கு ஜோஜோ அதையே பார்த்து உறைஞ்சு போயிடும். உடனே தூக்கிக்கோங்க, பம்புல 'யூஸ்' பண்ணுங்க. தண்ணி நின்னு சுரங்கம் தெரியும்.

பதில் 2: 'மங்கி ரென்ச்'னு அமெரிக்காவுல சொல்ற திருகுக் கருவியை வெச்சுப் பண்ணின சிலேடை இது. அந்தச் சொல் தெரியாதவங்க 1991லிருந்தே இங்கே முழிக்கிறாங்க. புதிர்னு பார்த்தா அழுகுணி ஆட்டம்தான்.

பதில் 3: சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் குடிப் போட்டி. முன்னாடியே ஸ்காப் தீவு பார்ல நியர்-கிராக் (போதை ஏறாத பானம்) வாங்கிடுங்க; பார்க்காரன் அடையாள அட்டை கேட்பான், நூலக அட்டையே போதும். எதிராளி திரும்பும்போது உங்க கோப்பையைச் செடியில கொட்டிட்டு இதை ஊத்துங்க.

பதில் 2: நம்ம கதாநாயகன் கைபிரஷ் நேர்மையா ஜெயிச்சதா சரித்திரமே இல்ல. சவப்பெட்டி விக்கிற ஸ்டானையே சவப்பெட்டிக்குள்ள வெச்சு ஆணி அடிக்கிறவன்தானே!