மியூச்சுவல் டைவர்ஸ் செட்டில்மென்ட்ல எதையெல்லாம் பேசி எழுதி வாங்கணும்? (பெங்களூரு)

வைட்ஃபீல்டு அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் பிரிஞ்சுடலாம்னு முடிவு பண்ணிட்டோம், கேஸ் சண்டைன்னு எதுவும் இல்ல. ரெண்டு பேரும் ஐடி, சொந்த ஊரு திருச்சி பக்கம். பொண்ணு ரெண்டாவது படிக்கிறா, என்கூடதான் இருப்பா. ஃபிளாட்டு, லோன் ரெண்டுமே ஜாயின்ட், இன்னும் நெறைய பாக்கி இருக்கு. அவரு "ஃபிளாட்ட நீயே வெச்சுக்கோ, வேற எதுவும் கேக்காத"ங்கறாரு. அப்பா "நகைய மட்டும் வாங்கிட்டு வந்துரும்மா, காசுக்கு நிக்காத"ங்கறாரு. எனக்கும் சீக்கிரம் முடிஞ்சா போதும்னுதான் இருக்கு, ஆனா பொண்ணுக்கு பின்னாடி கஷ்டம் வரக்கூடாது. என்ன பண்ணலாம்?

கே.ஆர்.புரம் குமார்:
சிஸ்டர், முதல்ல ஃபிளாட் இன்னிக்கு வித்தா எவ்ளோ போகும், லோன் பாக்கி எவ்ளோன்னு பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல மிஞ்சுறது கொஞ்சம்தான்னா அவரு உங்ககிட்ட குடுக்கறது வீடு இல்ல, கடன். கோர்ட்ல என்ன எழுதிக்கிட்டாலும் அது பேங்க கட்டுப்படுத்தாது, கோ-பாரோவர், அதாவது சேந்து கடன் வாங்கின ரெண்டு பேரயும்தான் கேப்பாங்க, அதனால உங்க ஒரு சம்பளத்துக்கு லோன மாத்தித் தருவாங்களான்னு இப்பவே விசாரிங்க. அவரு பங்க உங்களுக்கு விட்டுக்குடுக்கற பத்திரம் (ரிலீஸ் டீட்) எந்த தேதிக்குள்ள பதிவு பண்றது, ஸ்டாம்ப் ட்யூட்டி யாரு கட்டறது, எல்லாம் எழுத்துல வரணும். கல்யாணத்துக்கு அப்புறம் சேத்ததுல பாதி தானா வந்துரும்னு நம்ம ஊர்ல சட்டம் இல்லங்க, பேசி வாங்கினாதான் உண்டு.

மல்லேஸ்வரம் அக்கா:
நான் இதெல்லாம் கடந்து வந்தவதான்மா. நகை உன் சொத்து, உனக்கு போட்டது உனக்குத்தான், அத அவங்க ஏதோ குடுக்கற மாதிரி செட்டில்மென்ட் கணக்குல சேக்க விடாத. கல்யாண ஃபோட்டோவ வெச்சு லிஸ்ட் எழுது, எது லாக்கர்ல எது மாமியார் வீட்லன்னு தனித்தனியா எழுது. அடுத்து பொண்ணு. உனக்கு ஜீவனாம்சம் வேண்டாம்னு நீ சொல்லலாம், அவ செலவுக்கு அப்பா குடுக்கறது அவளோட உரிமை, அத நீ விட்டுக்குடுக்க முடியாது. மாசம் இவ்ளோன்னு மட்டும் எழுதினா நாலு வருஷத்துல அது ஸ்கூல் வேன் ஃபீசுக்கு கூட காணாது, பெங்களூர் ஸ்கூல் ஃபீஸ் தெரியுமில்ல, வருஷா வருஷம் இத்தன சதவீதம் ஏத்தணும்னு போடு, காலேஜ் செலவயும் சேத்து எழுது. அவரு ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல பொண்ணு பேரு தொடரணும். எந்த சனி ஞாயிறு அப்பாகிட்ட, தீபாவளி பொங்கல் யாரோட, கோடை லீவுல தாத்தா வீடு எப்போ, பாஸ்போர்ட்டுக்கு கையெழுத்து போடுவாரா, இதெல்லாம் இப்ப சுமுகமா இருக்கும்போதே பேசிடு.

சட்டம் தெரிஞ்சவன்:
ரெண்டு பேரும் இந்துன்னா, சம்மதிச்சு பிரியறதுக்கு 1955 இந்து திருமண சட்டத்துல 13பி பிரிவு. முதல் மனு போட்டு 6 மாசம் கழிச்சு, 18 மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவ போகணும், அந்த 6 மாசத்த சில சூழ்நிலையில தள்ளுபடி பண்ணலாம்னு சுப்ரீம் கோர்ட் 2017ல சொல்லிருக்கு. டிகிரி, அதாவது விவாகரத்து தீர்ப்பு வர்ற வரைக்கும் ஒருத்தர் சம்மதத்த வாபஸ் வாங்க முடியும், அதனால பணம் பேசினா ஒரு பகுதி முதல் மனு அன்னிக்கு, மிச்சம் கடைசி நாள் கோர்ட்லயே டிடியா கைக்கு வர்ற மாதிரி எழுதுங்க. பேச உக்கார்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சம்பளம், பிஎஃப், ஷேர், கடன் எல்லாத்தயும் எழுதி மாத்திக்கோங்க. பேச்சு இழுத்துச்சுன்னா சித்தையா ரோடு நியாய தேகுலா கட்டடத்துல மீடியேஷன் சென்டர் (சமரச மையம்) இருக்கு.

வைட்ஃபீல்டு அம்மா:
ரொம்ப நன்றி, பாஸ்போர்ட் விஷயம் எனக்கு தோணவே இல்ல அக்கா. ஒண்ணே ஒண்ணு, பொண்ணு பேர்ல செல்வமகள் கணக்கு இருக்கு, கார்டியன் அவருதான். அதுவும் போயிடுமா?

சட்டம் தெரிஞ்சவன்:
போகாதுங்க, அது பொண்ணோட பணம், 18 வயசுக்கு அப்புறம் அவளே பாத்துப்பா. அதுவரைக்கும் வருஷா வருஷம் யாரு எவ்ளோ கட்டறது, பாஸ்புக் யாருகிட்ட இருக்கும்னு அதயும் ஒரு வரி சேத்துடுங்க.