ரைலி லாக்கில் ஒரு ஞாயிறு

குழு: தஞ்சாவூர் வீடு

கயல்: [படம்] பெரியப்பா, இதைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. மேரிலாந்தில் செனிக்கா என்ற இடம். ஓடைக்கு மேலே கல் வளைவு கட்டி, அதன் மேலே கால்வாயையே கொண்டுபோயிருக்கிறார்கள்.

பெரியப்பா: அக்விடக்ட். கல் ஏன் இவ்வளவு சிவப்பு?

கயல்: பக்கத்திலேயே வெட்டிய மணற்கல். அம்மா, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் கோட்டை என்று சிவப்பாக ஒரு கட்டடம் காட்டினேனே, அதற்கும் இந்தச் செனிக்கா கல்தான் போனது.

அம்மா: ஆமாம், அதன் முன்னால் நின்று படம் எடுத்தோம். குளிர் தாங்கவில்லை அன்றைக்கு.

பெரியப்பா: மூன்றாவது வளைவைக் காணோமே?

கயல்: 1971 செப்டம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. கண்ணில் பட்டுவிட்டதே உங்களுக்கு! அக்விடக்ட் முடிகிற இடத்திலேயே லாக். 24ஆம் எண். ரைலி லாக் என்கிறார்கள். செசபீக் ஒஹாயோ கால்வாய் முழுவதற்கும் இப்படி 74 லாக். ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லாந்து வரை 184.5 மைல், மொத்தம் 605 அடி ஏற்றம்.

அருண்: அக்கா, லாக் என்றால் மதகு மாதிரியா?

பெரியப்பா: இல்லை அருண். மதகு தண்ணீரை விடவும் நிறுத்தவும். லாக் படகை ஏற்றி இறக்க. முன்னாலும் பின்னாலும் கதவு வைத்த ஒரு கல்தொட்டி என்று வைத்துக்கொள். கீழேயிருந்து படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்துவார்கள். மேல்கதவின் அடியில் இருக்கும் சின்ன ஷட்டர்களைத் திறந்தால் மேல்மட்டத்துத் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கும், படகு தானாக எழும்பும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றானதும் மேல்கதவைத் திறந்து படகு போய்விடும். இன்ஜினும் வேண்டாம், பம்பும் வேண்டாம். கதவு இரண்டும் மேல்நீரைப் பார்த்து கூம்பி நிற்கும். தண்ணீர் அழுத்த அழுத்த இன்னும் இறுகும்.

அத்தை: அண்ணன் ரிட்டயர் ஆகியும் டிபார்ட்மென்டை விடவில்லை 😊 அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எத்தனை அடி ஏறும்?" என்று கேட்கிறார்கள்.

கயல்: ஒரு லாக்குக்கு ஏறக்குறைய 8 அடி, பாட்டி. தொட்டி 100 அடி நீளம், 15 அடி அகலம். உள்ளே வருகிற படகே பதினாலரை அடி அகலம்! இரண்டு பக்கமும் மூன்று மூன்று அங்குலம்தான் மிச்சம். 120 டன் நிலக்கரி ஏற்றிய படகை, கரையில் நடக்கிற கோவேறு கழுதைகள் கயிற்றில் இழுத்து வர, சுவரில் இடிக்காமல் உள்ளே விட வேண்டும்.

அருண்: அப்பாடி.

கயல்: [படம்] பெரியப்பா, இதைப் பெரிதாக்கிப் பாருங்கள். கதவு நின்ற இடம். மூலைக்கல்லை அரைவட்டமாகக் குடைந்திருக்கிறார்கள், கதவின் தூண் அதற்குள் நின்று சுழல்வதற்காக. உள்ளே கை வைத்துப் பார்த்தேன். மற்ற கற்களில் உளித் தழும்பு சொரசொரக்கிறது. இந்தக் குடைவு மட்டும் அம்மிக்கல் மாதிரி வழவழ என்று இருக்கிறது.

பெரியப்பா: அங்கேதான் தண்ணீர் கசியும். கல்லும் மரமும் ஒட்டி உட்கார வேண்டும், இல்லையென்றால் தொட்டி நிற்காது. செய்தவன் கை தேர்ந்தவன். பூச்சு என்ன?

கயல்: பொடோமாக் ஆற்றங்கரையிலேயே சுண்ணாம்புப் பாறையைச் சுட்டு அரைத்து எடுத்த சிமென்ட். தண்ணீருக்குள்ளேயே இறுகுமாம்.

அத்தை: அது சரி, கதவை யார் திறப்பார்கள்?

கயல்: லாக் காவலர், அத்தை. பக்கத்திலேயே கல்வீடு, அது இன்னும் நன்றாக நிற்கிறது. 1830களில் வருடத்துக்கு 150 டாலர் சம்பளம், குடியிருக்க வீடு, பயிர் வைக்க ஒரு ஏக்கர் நிலம். ஆனால் ராப்பகல் வேலை. படகுக்காரர்கள் தூரத்திலேயே கொம்பு ஊதுவார்கள், நடுச்சாமமானாலும் எழுந்து ஓட வேண்டும். எனக்கு இந்த வீட்டுப் பெண்களைத்தான் நினைக்கத் தோன்றுகிறது. அவர் எங்காவது போயிருந்தால் இவர்கள்தானே கதவைத் திறக்கிற அந்த நீண்ட மரத்தை முதுகு கொடுத்துத் தள்ளியிருப்பார்கள்.

பெரியப்பா: கால்வாயில் படகு எப்போது நின்றது?

கயல்: 1924 வெள்ளத்தோடு. அதற்கு வெகு முன்பே ரயில் ஜெயித்துவிட்டது. 1828 ஜூலை 4, கால்வாய்க்கும் பால்டிமோர் ஒஹாயோ ரயிலுக்கும் ஒரே நாளில் வேலை தொடக்கம். ரயில் 1842இல் கம்பர்லாந்து போய்ச் சேர்ந்தது. கால்வாய் 1850இல்.

அருண்: பிறகு எப்படி இத்தனை வருடம் இடிக்காமல் விட்டார்கள்? நம் ஊரில் என்றால் ரோடு போட்டிருப்பார்கள்.

கயல்: அங்கேயும் ரோடு போடத்தான் இருந்தார்கள்! 1954இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையே அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், என்னோடு முழுதும் நடந்து பாருங்கள் என்று ஆசிரியர்களை அழைத்தார். மார்ச் மாதம் கம்பர்லாந்திலிருந்து கிளம்பினார்கள். 58 பேரில் கடைசிவரை நடந்தது, அவரோடு சேர்த்து 9 பேர். பத்திரிகை மனம் மாறியது. 1971இல் தேசியப் பூங்கா ஆனது. கழுதை நடந்த அதே பாதையில் இப்போது எனக்கு முன்னால் ஒரு பாட்டி சைக்கிளில் போகிறார். ஒரு நீதிபதி எட்டு நாள் நடந்ததால் நான் இன்றைக்கு இந்தக் கல்லில் கை வைக்கிறேன். காலையிலிருந்து இதுவேதான் மனதில் ஓடுகிறது.

அருண்: பெரியப்பா, சேப்பாக்கம் பக்கம் லாக் நகர் இருக்கிறதே, அது இந்த லாக்கா?!

பெரியப்பா: அதேதான். பக்கிங்காம் கால்வாயில் கூவம் குறுக்கிடும் இடத்தில் லாக் இருந்தது. ஆற்று மட்டம் ஏறி இறங்கும், கால்வாய் மட்டம் நிலையாக இருக்க வேண்டும் அல்லவா.

அருண்: கல்லூரிக் காலம் முழுக்க அந்தப் பெயரைச் சொல்லி ஷேர் ஆட்டோ ஏறியிருக்கிறேன். பூட்டுக் கம்பெனி ஏதோ இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

கயல்: ஞாயிறு போய்ப் பாரேன் தம்பி. ஏதாவது கல் தெரிந்தால் படம் போடு.

அத்தை: அம்மா கேட்கிறார்கள், கயிறு இழுத்த தடம் இருக்கிறதா என்று. நம் பழைய வீட்டுக் கிணற்று மேடையில் இருந்ததே, விரல் நுழைகிற மாதிரி.

கயல்: இருக்கிறது பாட்டி! போன வருடம் இதே கால்வாயில் உள்ள பா பா சுரங்கத்துக்குப் போனோம், 3,118 அடி, அதற்குள்ளும் கால்வாய். நடைபாதையின் மரக் கைப்பிடி நெடுக கயிறு அறுத்த வரிகள். மகிழ் ஒவ்வொன்றிலும் விரலை விட்டுக்கொண்டே நடந்தாள். வீட்டில் போய் அந்தப் படத்தைத் தேடி அனுப்புகிறேன்.

பெரியப்பா: கயல், ஒரு வேலை செய். அந்த அரைவட்டக் குடைவின் அகலம் எவ்வளவு? தூணின் பருமன் கணக்குப் போடலாம்.

கயல்: டேப் காரில் இருக்கிறது பெரியப்பா. எடுத்து வருகிறேன், பத்து நிமிடம்.

அத்தை: அம்மா சொல்லச் சொன்னார்கள்: மகிழைக் கரையோரம் விடாதே, அளக்கிறேன் என்று நீயும் எட்டிக் குனியாதே.

கயல்: கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன் பாட்டி. டேப்பின் மறுமுனையை அவள்தான் பிடிப்பாளாம்.