மே மாதம், ஓக்லஹோமா, இரண்டு நாய்கள்: எங்கே ஒதுங்குவது?

மே கடைசியில் அமெரிக்காவில் டல்லாஸிலிருந்து ஓக்லஹோமா மாநிலத்தைக் கடந்து விச்சிட்டா வரை இன்டர்ஸ்டேட் 35 நெடுஞ்சாலை வழியாக ஆர்.வி. வண்டியில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) போகிறோம். டொர்னாடோ (கடும் சுழல்காற்று) அதிகம் வரும் பருவம் என்று தெரியும். விடுமுறை அப்போதுதான் கிடைத்தது.

எச்சரிக்கை வந்தால் வண்டிக்குள் இருக்கக் கூடாது, உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். சரி, நாய்களோடு போனால் யார் உள்ளே விடுவார்கள்? நாய்களையும் அனுமதிக்கும் புயல் காப்பறை உள்ள முகாம் எதிலாவது தங்கியிருக்கிறீர்களா? வானொலியில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போல) பெயரைச் சொல்லித்தான் எச்சரிக்கிறார்கள். ஓடும் வண்டியில் எந்தக் கவுண்டியில் இருக்கிறோம் என்பதை எப்படிக் கவனிக்கிறீர்கள்?

இன்னொன்று. நாய்களில் பெரியவள் இடி கேட்டாலே கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவாள். எடை 30 கிலோ. அவளை விரைவாக வெளியே கொண்டுவர வழி தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.