பாட்டில் இசைக்கருவி வாசித்தவர் பெயர் எங்கே கிடைக்கும்?

நண்பர்களே, ஓர் உதவி. அப்பா சேர்த்து வைத்த எண்பதுகளின் இசைத்தட்டுகளுக்குப் பட்டியல் போடுகிறேன். உறையில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் பெயர்தான் இருக்கிறது; வாசித்தவர்கள் பெயரைக் காணோம். 1986-இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பில் வயலின் வி.எஸ். நரசிம்மன் என்று எல்லோருக்கும் தெரியும். ராஜா பாடல்களில் புல்லாங்குழல் அருண்மொழி, பேஸ் கிட்டார் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன் என்பதும் தெரியும். ஆனால் எந்தப் பாட்டில் யார்? அதுதான் சிக்கல். ஷெனாய், சிதார் வாசித்தவர்களைப் பற்றிச் சுத்தமாக ஒன்றும் கிடைக்கவில்லை. யூகம் வேண்டாம், அது ஏற்கெனவே யூடியூப் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது! ஒலிப்பதிவில் வாசித்தவர்களோ அவர்கள் வீட்டாரோ இங்கே இருக்கிறீர்களா? பழைய கால்ஷீட் டைரி, பேட்டி வந்த பத்திரிகைப் பக்கம், எதுவானாலும் படமெடுத்துப் போடுங்கள். அப்புறம், சென்னை சினி மியூசிஷியன்ஸ் யூனியனில் பழைய பதிவேடு கேட்டுப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?